வண்டியைத் தாழ்த்துவதா, இருக்கையைத் தாழ்த்துவதா?

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் போனால் செம்மண், எலுமிச்சைத் தோப்பு, அதைத் தாண்டி மலையடிவாரம். எந்தப் பக்கம் போனாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கண்மாய்க்கரையும் ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டிப்பாதையும்தான். இப்படிப்பட்ட ஊருக்கு, தார்ச்சாலைக்கும் காட்டுப்பாதைக்கும் ஒருசேரப் பொருந்தும் உயரமான பைக் ஒன்றும் ஆடம்பரம் இல்லை. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020இல் கேடிஎம் 390 அட்வென்ச்சர் என்று இந்த வகை வண்டிகள் கைக்கெட்டும் விலையில் வரத் தொடங்கின. விலை எட்டியது, கால் எட்டவில்லை. அப்போது வந்த ஹிமாலயனின் இருக்கை தரையிலிருந்து 800 மி.மீ., எக்ஸ்பல்ஸ் சுமார் 825, கேடிஎம் 855. லான்செட் இதழில் 2020இல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி 19 வயது இந்திய ஆணின் சராசரி உயரம் 166.5 செ.மீ., பெண்ணின் உயரம் 155.2 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 46 விழுக்காடு உட்காலின் நீளம் என்று வைத்தால் ஆணுக்கு 77 செ.மீ., பெண்ணுக்கு 71 செ.மீ. ஆள் ஏறியதும் வண்டி கொஞ்சம் அமுங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தாலும், சிக்னலில் நுனிக்காலில் தவிக்கும் நிலைதான் மிச்சம். ஆகவே வண்டி வாங்கிய சில வாரங்களிலேயே ‘தாழ்த்திவிடலாமா’ என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, அதாவது சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது, பெரும்பாலான வேளைகளில் தவறானது என்பதே என் கருத்து. தாழ வேண்டியது ஆள் உட்காரும் இடம். பலரும் தாழ்த்துவதோ சக்கரம் ஏறி இறங்கும் இடத்தை.

உயரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். எக்ஸ்பல்ஸ் 200இன் முன்சக்கரம் 190 மி.மீ. வரையும் பின்சக்கரம் 170 மி.மீ. வரையும் மேலேறி இறங்கும். என்ஜினின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே 220 மி.மீ. இடைவெளி. இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆளில்லாமல், சஸ்பென்ஷன் சற்றும் அமுங்காமல் நிற்கும்போது அளந்த இடைவெளி அது என்று கொள்வோம். முன் ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் அதன் 190இல் செங்குத்தாகக் கிடைப்பது சுமார் 170. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் முழுக்க அமுங்கினால் வண்டி 170 மி.மீ. கீழே வரும், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே 50 மி.மீ.தான் மிஞ்சும். ஒரு கைப்பிடிக் கல் நிற்கும் இடம். இவ்வளவு உயரமான வண்டிக்கே கடைசி நேரத்தில் மிஞ்சுவது இவ்வளவுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அதிலிருந்து 25 மி.மீ.யைக் கழிப்பது சின்ன விஷயமாகத் தோன்றாது. காட்டுப்பாதைக்கே போகாதவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அவரவர் வீட்டு வாசலில் சிமெண்டைக் கொட்டிப் போடும் தடைகள் அந்த அகலத்தில் கால்வாசிகூட இருப்பதில்லை.

தாழ்த்துவது என்ற ஒரே பேரில் நடப்பவை உண்மையில் வெவ்வேறு வேலைகள். முதலாவது, பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்துவது. இரண்டாவது, ஷாக்கையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்க் பிளேட்டுகளை நீளமானவையாக மாற்றுவது. மூன்றாவது, ஷாக்குக்கும் ஃபோர்க்குக்கும் உள்ளே தடுப்பு வளையம் போட்டு அவை முழுக்க நீளாமல் செய்வது. நான்காவது, முன் ஃபோர்க் குழாய்களை டி-கிளாம்ப்பில் தளர்த்தி மேலே தள்ளி இறுக்குவது. பட்டறையில் எல்லாவற்றுக்கும் ‘ஒரு இஞ்ச் இறக்கியாச்சு’ என்ற ஒரே பதில்தான் வரும். ஆனால் எந்த வழியில் இறங்கியது என்பதைப் பொறுத்தே வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது தீர்மானமாகிறது.

அதிகம் விற்பது லிங்க் பிளேட். விலை குறைவு, ஒரு மணி நேர வேலை, லேத் பட்டறையில்கூடக் கடைந்து வாங்கிவிடலாம். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. லிங்க் நீளமானால் சக்கரத்தின் மொத்த ஓட்டம் குறையாது. அந்த ஓட்டம் அப்படியே மேலே நகர்கிறது. ஷாக் பழையபடி அதன் முழு நீளத்துக்கும் அமுங்கும், ஆகவே சக்கரம் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் 25 மி.மீ. மேலே போகும். முன்னேயும் அதே அளவு தள்ளியிருந்தால், மேலே சொன்ன 50 மி.மீ. இடைவெளி 25 ஆகிவிடும். பின்டயர் மேலே போகும்போது மட்கார்டின் உட்புறத்தையோ நம்பர் பிளேட் தாங்கியையோ ஒயர் கட்டையோ உரசக்கூடும். காலி வண்டியில் இது தெரியாது. பின்னால் ஒருவரை ஏற்றி, பூச்சந்தைக்குப் போகும் மூட்டையையும் கட்டி, ஒரு குழியில் இறங்கினால்தான் தெரியும். இதைச் சோதிக்க ஒரே வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தைக் கையால் கடைசி வரை தூக்கிப் பார்ப்பது. இதைச் செய்யும் பட்டறை அபூர்வம். இன்னொன்று, லிங்க்கின் நீளத்தில் சில மில்லிமீட்டர் கூடினாலே சக்கரத்தில் அது பல மடங்காகத் தெரியும். ஆகவே இடது பிளேட்டுக்கும் வலது பிளேட்டுக்கும் துளை நடுவிலிருந்து துளை நடு வரையிலான தூரம் மயிரிழை மாறினாலும் ஊசி பேரிங்குகள் ஒருபக்கமாகத் தேயும். லிங்க் அமைப்பின் வேலையே, சக்கரம் மேலே போகப்போக ஷாக் கூடுதலாக இறுகும்படி செய்வதுதான். நீளத்தை மாற்றினால் அந்த இறுக்கம் தொடங்கும் இடமும் கூடும் வேகமும் மாறிவிடும். தொழிற்சாலையில் மாதக்கணக்கில் தேர்ந்தெடுத்த வளைவு அது.

உள்ளே வளையம் போட்டு ஓட்டத்தைக் குறைப்பது இதைவிட நேர்மையான வழி, ஏனென்றால் சக்கரம் பழைய மேல் எல்லையைத் தாண்டாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. 170 மி.மீ. ஓட்டத்தில் ஆள் ஏறியதும் 50 மி.மீ. அமுங்குகிறது என்றால், மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ள மிச்சம் 120. ஆளோடு நிற்கும் உயரம் 25 மி.மீ. குறைந்தால் மிச்சம் 95. முன்பு 120 மி.மீ.யில் தாங்கிய அதே அடியை இப்போது 95இல் தாங்க வேண்டும். அதற்குச் சராசரி விசை கால்பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடியாக வேண்டும். அதாவது கடினமான ஸ்பிரிங் வேண்டும், அதற்கேற்ப எண்ணெயின் தடையும் மாற வேண்டும். அந்தக் கூடுதல் விசை போய்ச் சேரும் இடம் ஓட்டுபவரின் இடுப்பு எலும்பு. ஸ்பிரிங்கை மாற்றாமல் வளையத்தை மட்டும் போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: ஸ்பிரிங் முன்னைவிட அமுங்கிய நிலையிலேயே மாட்டப்படுவதால், ஆள் ஏறிய பின் வண்டி நிற்கும் உயரம் மாறவே மாறாது. ஸ்டாண்டில் பார்க்கத் தாழ்ந்திருக்கும், உட்கார்ந்தால் பழைய உயரம். பணம் கொடுத்தவர் ஏமாந்ததுதான் கண்ட பலன்.

இனி கையாளுதல். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் வண்டி முழுவதும் பின்சாய்கிறது. எக்ஸ்பல்ஸின் இரு அச்சுகளுக்கு இடையேயான தூரம் 1,410 மி.மீ. பின்னே 25 மி.மீ. இறங்கினால் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி. 21 அங்குல முன்சக்கரத்தில் ஃபோர்க்கின் சாய்வு ஒரு டிகிரி கூடினால், டயர் தரையைத் தொடும் புள்ளி ஹேண்டில் அச்சின் கோட்டுக்குப் பின்னால் விழும் தூரம் இன்னும் ஆறேழு மில்லிமீட்டர் கூடும். எண் சிறிது, கைக்கு அது நன்றாகத் தெரியும். நேராகப் போகும்போது வண்டி அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், அதைச் சிலர் நன்மை என்றே எண்ணுவார்கள். ஆனால் குறுகிய தெருத் திருப்பத்தில் ஹேண்டில் கனக்கும். வளைவில் வண்டி உள்ளே மடங்காமல் வெளியே அகலும். எடை பின்னே சாய்வதால் செம்மண் பொடியில் முன்டயர் பிடிமானம் இழக்கும். மாறாக, பின்னே ஒன்றும் செய்யாமல் முன் ஃபோர்க்கை மட்டும் மேலே தள்ளினால் நேர்எதிர். ஹேண்டில் இலேசாகும், திருப்பம் கூர்மையாகும், ஆனால் மணலிலும் சரளையிலும் ஹேண்டில் தலையாட்டத் தொடங்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், வேகத்தில் போகும்போது இரண்டாவதுதான். இரண்டு பக்கமும் சமமாக இறக்கினால் சாய்வு மாறாது என்பது உண்மை. ஆனால் ‘சமம்’ என்பது சக்கரத்தில் அளந்த சமம்; குழாயைத் தள்ளிய அளவையும் லிங்க் நீளத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும் சமம் கணக்கில் வராது.

சாய்வு சரியாக இருந்தாலும் செயினின் கணக்கு பாக்கி. முன் பற்சக்கரம், ஸ்விங் ஆர்மின் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். தாழ்த்திய வண்டி நிற்கும்போதே அந்தக் கோட்டுக்கு நெருங்கி நிற்பதால், பழைய அளவுக்குத் தளர்வு வைத்தால் அந்த அளவு பொருந்தாமல் போகும். ஸ்விங் ஆர்ம் முன்பு கீழ்நோக்கிச் சரிந்திருந்த கோணமும் குறைகிறது. திராட்டிலைத் திருகும்போது செயினின் இழுப்பு பின்பக்கத்தை அமுங்கவிடாமல் தாங்குவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால், ஓடையிலிருந்து மேடேறும்போது பின்பக்கம் குந்தி, முன்சக்கரம் தரையை விட்டு விலகப் பார்க்கும். பக்க ஸ்டாண்டு வேறு. வண்டி இறங்கிய அளவுக்கு ஸ்டாண்டை அறுத்துக் குறைக்காவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும்; சற்றே சரிந்த தரையில் காற்றடித்தாலே மறுபக்கம் சாயும். இதற்குச் சான்று ஹீரோ நிறுவனமே. எக்ஸ்பல்ஸை உயர்த்தும் ராலி கிட்டை விற்றபோது அதனுடன் நீளமான பக்க ஸ்டாண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். உயரத்தைத் தொட்டால் ஸ்டாண்டையும் தொட வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்வாதங்கள் மூன்று, மூன்றையும் எடைபோட்டாக வேண்டும். முதலாவது: எடை தாழ்ந்தால் வண்டி நிலையாக ஓடும், பந்தய வண்டிகளே தாழ்ந்துதானே ஓடுகின்றன? நேர்கோட்டு டிராக் பந்தயத்தில் தாழ்த்துவது உண்மை. மோட்டோஜிபியிலும் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவிகள் வந்தன. அவை முன்சக்கரம் மேலெழும்பாமல் முழுவேகம் பிடிப்பதற்காக. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே பாய்வதும் எடையின் நடுப்புள்ளி தாழ்ந்தால் சற்றுக் குறையும். ஆனால் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும் புள்ளியை 25 மி.மீ. இறக்கினால் கிடைப்பது நான்கு விழுக்காடு. மற்றபடி, உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்திப் பார்த்தவருக்குத் தெரியும்: நீளமான துடைப்பம் மெதுவாகச் சாயும், குட்டைக் குச்சி சட்டென்று விழும். மெதுவாக ஓட்டும் காட்டுப்பாதையில் உயரமான வண்டி சாய எடுத்துக்கொள்ளும் நேரம் ஓட்டுபவருக்கு உதவியே. டயரின் அகலத்தால் இன்னொன்றும் நடக்கிறது. எடை தாழ்ந்த வண்டி அதே வளைவை அதே வேகத்தில் எடுக்கச் சற்றுக் கூடுதலாகச் சாய வேண்டும். கால்மிதியோ முன்னைவிடத் தரைக்கு நெருங்கியிருக்கிறது.

இரண்டாவது வாதம் வலுவானது. ஓடும்போது எப்படியிருந்தால் என்ன, நிற்கும்போது கால் எட்டாமல் விழுந்தால்? உயரமான வண்டிகள் பெரும்பாலும் விழுவது நின்ற நிலையில்தான். 196 கிலோ எடையுள்ள ஹிமாலயன் 450 பத்து டிகிரி சாய்ந்தால், எடைப்புள்ளி 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஹேண்டில் உயரத்தில் அதைத் தாங்கச் சுமார் 18 கிலோ விசை வேண்டும். இருபது டிகிரியில் அது இரட்டிப்பு. பத்து டிகிரிக்குள் கால் தரையில் ஊன்றாவிட்டால் வண்டியைக் காப்பாற்ற முடியாது. குட்டையான ஆண்களுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் இது வெறும் பயமில்லை. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று உயரமானவர்கள் சொல்லும் அறிவுரைக்கு இதில் இடமே இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, இரண்டு காலும் முழுப்பாதமாக ஊன்ற வேண்டியதில்லை, ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும் என்பது. இடுப்பை ஒருபக்கம் நகர்த்தி, இடதுகாலை ஊன்றி, வலதுகாலைப் பிரேக்கில் வைத்து நிற்பதே இந்த வண்டிகளை ஓட்டுபவர்களின் வழக்கம். அந்த ஒரு காலுக்கு வேண்டிய 20, 30 மி.மீ.யை இருக்கையிலிருந்தே எடுக்கலாம். சீட் கடையில் ரெக்சினை உரித்து, முன்பகுதிக் குஷனின் மேல்தட்டைச் சீவுவதோடு இரு ஓரங்களையும் சரிவாக வெட்டச் சொன்னால், சீவியதைவிட ஓரத்தை வெட்டியதில்தான் கூடுதல் பலன். கால் நேராகக் கீழே போவதில்லை, இருக்கையின் அகலத்தைச் சுற்றிக்கொண்டே போகிறது. முட்டி சற்று மடங்கும், நீண்ட பயணத்தில் குஷன் உறுத்தும், இவை நட்டம்தான். ஆனால் வளைவில் வண்டி மாறாது, டயர் உரசாது, தவறிப்போனால் புதிய குஷன் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது வாதம்: நிறுவனங்களே தாழ்த்திய வண்டிகளை விற்கின்றனவே? ஆம். ஹோண்டா சிஆர்எஃப் 300எல் வண்டியின் இருக்கை 880 மி.மீ.; அதன் தாழ்ந்த வடிவம் 830. கவாசாகி கேஎல்எக்ஸ் 230இன் இருக்கையை 885இலிருந்து 830க்குக் கொண்டுவந்தபோது முன்சக்கர ஓட்டத்தை 220இலிருந்து 158 மி.மீ.க்குக் குறைத்தார்கள், இழப்பை மறைக்கவில்லை, விவரப்பட்டியலிலேயே அச்சிட்டார்கள். சுசுகி டிஆர் 650இல் முன்னையும் பின்னையும் ஒருசேர இறக்கி இருக்கையை 40 மி.மீ. தாழ்த்தும் வழியை வண்டியிலேயே வைத்து, அதற்குக் குட்டையான ஸ்டாண்டையும் தனியே தந்தார்கள். இந்தியாவிலேயே ஒரு சோதனை நம் கண்முன் இருக்கிறது. எக்ஸ்பல்ஸ் 200 4வி, அதன் ப்ரோ வடிவம் இரண்டுக்கும் என்ஜின் ஒன்றே. ப்ரோவின் இருக்கை 891 மி.மீ., முன் ஓட்டம் 250, தரை இடைவெளி 270. சாதாரண எக்ஸ்பல்ஸை, தொழிற்சாலையே முறையாகத் தாழ்த்திக் கொடுத்த ப்ரோ என்று பார்க்கலாம். ஸ்பிரிங், எண்ணெய்த் தடை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து மாறியிருக்கின்றன. அதை நாம் மறுபடியும் பட்டறையில் தாழ்த்துவது, ஏற்கெனவே குறைத்த சட்டையை இன்னும் பிடிப்பதற்குச் சமம். ராயல் என்ஃபீல்டின் போக்கும் இதையே காட்டுகிறது. 2023இல் வந்த ஹிமாலயன் 450இல் இருக்கையை 825, 845 என்று இரு உயரத்தில் வைக்கலாம். குட்டையானவர்களுக்கு 805இல் தொடங்கும் இருக்கையைத் தனியே விற்றார்கள். அதை வடிவமைத்தவர்கள் தொட்டது குஷனை, 200 மி.மீ. சக்கர ஓட்டத்தை அல்ல.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறாக, பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிங்க் பிளேட் இதற்குள் வருமா என்று வாதாடலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டு அலுவலரிடம் நின்று அந்த வாதத்தைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் சங்கடம். குஷனைச் சீவியதற்கு யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

பணம் செலவழிக்கும் முன் ஒரு அளவை எடுத்துவிடுங்கள். வண்டியைத் தூக்கி, பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மேலே ஏதேனும் ஓரிடம் வரை அளந்து, பிறகு நீங்கள் ஏறி உட்கார்ந்து இன்னொருவரை அதே தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு இருக்க வேண்டும், 170க்கு 50. இலேசான ஆளுக்கு இது பெரும்பாலும் 35 அல்லது 40 ஆகத்தான் இருக்கும், ஏனென்றால் ஸ்பிரிங் கனமான ஆளுக்காக இறுக்கப்பட்டிருக்கிறது. அப்போது ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தி 50க்குக் கொண்டுவந்தால், செலவில்லாமல் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் இறங்கும், வண்டியும் முன்னைவிட நன்றாகவே ஓடும். தாழ்த்துவதால் கையாளுதல் மேம்படும் ஒரே இடம் இதுதான். 50ஐத் தாண்டித் தளர்த்தாதீர்கள். பின்னால் ஒருவர் ஏறுவதாக இருந்தால் அன்றைக்குத் திரும்ப இறுக்குங்கள். அதற்குப் பிறகும் போதவில்லையென்றால் சீட் கடைக்குப் போங்கள். இந்த இரண்டும் செய்தும் ஒரு கால்கூட ஊன்றவில்லையென்றால், லிங்க் வாங்க வேண்டாம். அந்த வண்டி உங்கள் அளவு இல்லை, தாழ்ந்த இருக்கையோடு தொழிற்சாலையிலிருந்து வருவதை வாங்குங்கள்.